அறுபதாவது மேற்கோள்

பேராசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ஐம்பத்தொன்பது. வயது என்று நினைத்துவிடாதீர்கள்; வயது அறுபத்தொன்று. ஐம்பத்தொன்பது என்பது அவருடைய எண்.

அந்த எண்ணின் கதையைச் சொன்னால் மனிதரின் கதை முக்கால்வாசி முடிந்த மாதிரிதான். புற்றுநோய்ச் செல்களை ஆராய்கிறேன் என்று முப்பத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவர். இருநூற்றுப் பதினெட்டுக் கட்டுரைகளில் அவர் பெயர் இருந்தது. எழுதியவர் யாரோ, சோதனை செய்தவர் யாரோ; பட்டியலில் தலைவருக்கு உரிய கடைசிப் பெயர் இவருடையது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவற்றில் ஐம்பத்தொன்பது கட்டுரைகள், ஒவ்வொன்றையும் குறைந்தது அறுபது பேராவது தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அறுபதாவது கட்டுரை மட்டும் சண்டி பண்ணியது. அதைக் காட்டியவர்கள் ஐம்பத்தொன்பது பேர்தான். இன்னும் ஒரே ஒரு புண்ணியவான் அதைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும்: அறுபது கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் அறுபது மேற்கோள், எண் அறுபது.

எண் அறுபது இருந்தால்தான் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் நாற்காலி. அப்படி ஒரு விதி. ஏன் அறுபது, ஏன் ஐம்பத்தேழு இல்லை என்று விதி போட்டவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. மாதக் கடைசியில் தேர்வுக் குழுவின் எழுத்தர் கணினியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டால் செல்லாது. அந்தக் கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்ட கூட்டாளிகள் காட்டினாலும் செல்லாது. வெளியாள் வேண்டும்.

பதினான்கு மாதமாக அந்த வெளியாள் வரவில்லை. பேராசிரியர் காலையில் கண் விழித்ததும் கைபேசியில் எண்ணைப் பார்ப்பார்.

"பல்லு விளக்கிட்டுப் பாருங்களேன். எண்ணு எங்கேயும் ஓடிடாது" என்பார் அவர் மனைவி, பள்ளி ஒன்றில் நூலகர்.

"ஓடாம கெடக்கிறதுதான் பிரச்சனையே."

சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. மற்றவர்களின் கட்டுரைகளை வெளியிடலாமா கூடாதா என்று பெயர் சொல்லாமல் மதிப்பிட்டுத் தரும் வேலை அவருக்கு அடிக்கடி வரும். வந்த ஒவ்வொன்றுக்கும், 'நன்று; ஆனால் பித்தப்பைப் புற்றுச் செல்கள் குறித்த இந்த முக்கியமான கட்டுரையைக் குறிப்பிடத் தவறிவிட்டீர்கள்' என்று எழுதி, சண்டிக் கட்டுரையின் விவரத்தையும் இணைத்து அனுப்பினார். ஒரு கட்டுரை எலியின் மூளை பற்றியது. இன்னொன்று தக்காளிச் செடியின் வேர். பெயர் சொல்லாத மதிப்பீடாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த லட்சணம். தக்காளிக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'தக்காளிக்குப் பித்தப்பை கிடையாது.'

நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று இருபது வருடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒரு சிநேகிதரைப் பிடித்துப் பார்த்தார். "நான் இப்ப ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கேன், ஆளை விடுப்பா" என்று அவர் வைத்துவிட்டார்.

அவருடைய அறையில், நாற்காலிக்கு நேர் பின்னால் ஒரு பெரிய படம் தொங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வார இதழ்க்காரர்கள் எடுத்தது. கீழ் மூலையில் தேதிகூட இருக்கும். 'புற்றை எதிர்க்கும் கரம்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் கரம் அதற்கு முன் பதினொரு வருடம் பைப்பெட்டை, அதாவது செல் திரவத்தை உறிஞ்சிச் சொட்டுவிடும் குழாயை, தொட்டதில்லை என்பது இதழ்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? செல்களை வளர்ப்பது, அவற்றுக்கு ஊட்டம் மாற்றுவது, உறைய வைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரு பெண்மணியின் கையில். செல் வளர்ப்புக்கு லேப்பில் கல்ச்சர் என்று பெயர்; அதனால் அவருக்குப் பெரியவர் சிறியவர் எல்லாரும் வைத்த பெயர் கல்ச்சர் அக்கா. அன்றைக்கு அக்காதான் பேராசிரியருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, கையுறை போட்டுவிட்டு, பைப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்று விரலைத் திருத்தியும் விட்டார். ஒரு குடுவை மட்டும் இருந்தால் படம் வெறிச்சென்று இருக்கிறது என்றார் படம்பிடிப்பவர். உடனே பேராசிரியர், "அந்தக் கருப்பைவாய்ச் செல்லு பாட்டிலையும் எடுத்து வையும்மா. ரோஸ் கலர் ரெண்டு இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

"சார், ரெண்டையும் ஒண்ணா..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"போட்டோ எடுக்கும்போது பேச வைக்காதேம்மா. வாய் கோணிக்கும்."

வாய் கோணவில்லை. படம் அம்சமாக வந்தது.

மாதம் முடிய இருபது நாள் இருக்கும்போது அந்த அழைப்பு வந்தது. பேசியது அவருடைய பழைய மாணவி. இப்போது வேறொரு நிலையத்தில் சொந்தமாக லேப் நடத்துகிறவள். இவர் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. அவள் செய்த வாயாடித்தனம் ஒன்றே ஒன்றுதான்: எட்டு வருடத்துக்கு முன், "சார், இந்தப் பித்தப்பைச் செல்லு இவ்வளவு வேகமா வளரக் கூடாது. இது வேற எதுவோ மாதிரி இருக்கு. அனுப்பிச் சோதிச்சுப் பார்த்திடலாமா?" என்று கேட்டாள். "என் கண்ணைவிட உன் கண்ணு பெருசா?" என்று கேட்டு, கட்டுரையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு, ஆளையும் லேப்பைவிட்டு அனுப்பிவைத்தார் பேராசிரியர். அந்தக் கட்டுரைதான் இந்தச் சண்டிக் கட்டுரை.

"சார், நல்லா இருக்கீங்களா? ஒரு விஷயம், நானே சொல்லிடலாம்னு கூப்பிட்டேன். பழைய செல்லையெல்லாம் வரவழைச்சு, ஒவ்வொண்ணும் அது சொல்ற உறுப்புதானான்னு சோதிச்சோம். உங்க பித்தப்பைச் செல்லையும் சேர்த்துத்தான். நீங்கதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க."

பேராசிரியருக்கு அப்படி ஒரு கையெழுத்தின் ஞாபகமே இல்லை. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

"அது பித்தப்பைச் செல்லே இல்ல சார். கருப்பைவாய்ப் புற்றுச் செல்லு. எப்பவோ கலந்திருக்கு."

கருப்பைவாய்ச் செல்லின் குணம் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இருக்க இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ஜாதி. ஒரு சொட்டு போய் விழுந்தால் போதும். ஒரே மாதத்தில் குடுவைக்குச் சொந்தக்காரச் செல்லை ஒழித்துவிட்டுத் தானே முழுக்க நிறைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டில் மட்டும் பழைய பெயர் இருக்கும்.

"எப்பன்னுகூடத் தெரியுது சார். அக்கா எழுதி வெச்ச தேதியைப் பார்த்தா, ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு வாரம். அதுக்கு முந்தி உறைய வெச்ச குப்பி எல்லாம் சரியா இருக்கு. அதுக்கப்புறம் வெச்சது எல்லாம் மாறிப்போச்சு. யாரோ ஒரே பைப்பெட்டை ரெண்டு பாட்டில்லயும் விட்டிருக்காங்க."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு லேப்ல நாலு வருஷமா இந்தச் செல்லை வெச்சுக்கிட்டு பித்தப்பைக்கு மருந்து தேடிட்டு இருக்காங்க சார். ஒரு பொண்ணோட ஆராய்ச்சி மொத்தமும் வீணாப்போச்சு. அழுதுட்டா. அதனால இதைச் சொல்லாம விட முடியாது. ஆனா ஒண்ணு பண்ணலாம். கட்டுரையை நீங்களே திரும்பப் பெறுறதா இதழுக்கு எழுதிடுங்க. 'அவர்களே கண்டுபிடித்து அறிவித்துவிட்டார்கள்'னு நான் கௌரவமா எழுதிடறேன். நாங்க எழுதியிருக்கிற கட்டுரையில உங்க கட்டுரையைத் தாக்குற பத்தியையே எடுத்துடறேன். அச்சுக்குப் போக மூணு நாள் இருக்கு."

அட, அந்தப் பெண்ணுக்கு இருந்த பெருந்தன்மையைப் பாருங்கள்! பெயரைப் பிடுங்கி வெளியே தள்ளியவருக்கு மூன்று நாள் தவணையும் ஒரு கௌரவமான வாசலும் காட்டினாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். மனைவி முழுதும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தானே? நீங்களே முந்திக்கிட்டு 'தப்பு நடந்துபோச்சு'ன்னு சொல்லிட்டா யாரு உங்களை என்ன சொல்லப் போறாங்க? மதிப்பாத்தான் பேசுவாங்க."

"திரும்பப் பெற்றா அந்தக் கட்டுரை கணக்கிலயே வராது. ஐம்பத்தொன்பதோடயே நான் வீட்டுக்கு வர வேண்டியதுதான்."

"வந்தா என்ன, தலையா போயிடும்?"

"நாற்காலி போயிடும்."

"வீட்ல நாலு நாற்காலி சும்மாத்தான் கெடக்கு" என்று மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

மனிதர் மூன்று நாளும் யோசித்தார் என்று சொன்னால் பொய். மூன்று நிமிடம்தான் யோசித்தார். மறுநாள் காலை வாயாடியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் திரும்பப் பெறலைன்னு வெச்சுக்கோ. அந்தப் பத்தியில என் கட்டுரையைக் குறிப்பிடுவே இல்ல?"

"குறிப்பிடாம எப்படி சார்? எந்தக் கட்டுரை தப்புன்னு சொல்லணும் இல்லையா?"

"மேற்கோள் பட்டியல்லயும் வரும்?"

"வரும்."

"அந்தக் கட்டுரையில உன் பேரு இல்ல. அப்ப நீ வெளியாள்தான்."

அவள் பெயரை எடுத்த அதே கை இன்றைக்கு அதற்காக மகிழ்ந்துகொண்டிருந்தது. நெஞ்சழுத்தம் என்றால் இதுதான்.

"சார், அது உங்களைப் பாராட்டுற வரி இல்ல. உங்க முடிவு எதுவுமே செல்லாதுன்னு சொல்ற வரி."

"திட்டினா என்னம்மா, எண்ணத்தானே போறாங்க? படிக்கவா போறாங்க?"

"சார்..."

"ஒரு எழுத்தை மாத்தாதே. அப்படியே போடு. எப்ப வெளியாகும்? இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள வந்துடுமா?"

அவள் அச்சுப்படியை அனுப்பிவைத்தாள். ஒருவேளை அந்தப் பத்தியைப் படித்தால் மனிதருக்கு ரோஷம் வரும் என்று நினைத்திருப்பாள். பாவம், ஆளைத் தெரிந்தும் நினைத்தாள். பேராசிரியர் அந்தப் பத்தியைத் தொடவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலுக்குப் போனார். இருபத்துமூன்றாவது எண்ணில் தன் பெயரைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஐயோ! வருடம் தப்பு. ஒரு வருடம் முன்னால் போட்டிருந்தது. பக்க எண்ணிலும் ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தது. இப்படியே அச்சானால் கணினி இது வேறு ஏதோ கட்டுரை என்று நினைத்து ஒதுக்கிவிடும். ஒரு மேற்கோள் போனால் போனதுதான்.

நெற்றி வியர்க்க உட்கார்ந்து பதில் எழுதினார்: 'மேற்கோள் 23: ஆண்டு, பக்க எண் இரண்டும் பிழை. சரியானவை கீழே. தயவுசெய்து இன்றே திருத்தவும்.' முப்பத்திரண்டு வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் அவர் இவ்வளவு கவனமாக ஒரு பிழையைத் திருத்தியதில்லை. திருத்தியதும் தன் தலையில் விழப்போகும் கல்லின் முகவரியை!

வாயாடி திருத்தினாள். கட்டுரை இருபத்துநான்காம் தேதி வெளியானது. இருபத்தேழாம் தேதி காலை பல் விளக்காத வாயோடு பேராசிரியர் கைபேசியைப் பார்த்தார். அறுபது. கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கினார். "வந்துடுச்சு!" என்று கத்தினார்.

"என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார் மனைவி.

"அறுபதுடி!"

"எண்ணைக் கேக்கலை. அந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு கேட்டேன்."

அதற்குப் பதில் சொல்ல அவர் அதைப் படித்திருக்க வேண்டுமே.

எழுத்தர் எண்ணைக் குறித்தார். குழு கூடியது, எண்ணைப் பார்த்தது, தேநீர் குடித்தது, கலைந்தது. பேராசிரியர் இயக்குநரானார். அந்த அறுபதாவது மேற்கோள் எதற்காகக் காட்டப்பட்டது என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சி இதழ்க்காரர்கள். தங்கள் இதழில் வந்த கட்டுரை தப்பு என்று இன்னோர் இதழில் வந்துவிட்டதே, விளக்கம் தாருங்கள் என்று நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள். புது இயக்குநர் பேனாவைத் திறந்து ஒரே மூச்சில் எழுதினார்: 'செல் வளர்ப்புப் பிரிவு ஊழியரின் கவனக்குறைவால் இக்கலப்பு நேர்ந்திருக்கிறது. நடவடிக்கை எடுக்கப்படுகிறது.' கல்ச்சர் அக்காவுக்கு ஒரு குறிப்பாணை போனது. ஒரே பைப்பெட்டை இரண்டு குடுவைகளில் பயன்படுத்தியது ஏன், ஏழு நாளில் பதில் தரவும்.

பொய் என்று தெரிந்தேதான் எழுதினாரா? அதுதான் வேடிக்கை, இல்லை. தப்பு என்று ஒன்று நடந்தால் அது வேறு யாருடைய கையாகத்தான் இருக்கும் என்று மனிதர் மனசார நம்பினார். தன் கை என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அக்கா ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் கை பட்ட ஒரு குடுவையில்கூடப் பூஞ்சை பிடித்ததில்லை. குறிப்பாணையை வாங்கி இரண்டு முறை படித்தார். லேப்பில் இருந்த பிள்ளைகள், "அக்கா, நாங்க வேணா போய்ச் சண்டை போடட்டுமா?" என்று சுற்றி நின்றார்கள்.

"சண்டை எதுக்கு? பதில்தானே கேட்டிருக்காரு" என்றார் அக்கா. முகம் சிவந்திருந்தது. பழைய பதிவேட்டை எடுத்து ஒரு தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

ஏழாம் நாள் பாராட்டு விழா. நிலையத்தின் அரங்கில் முந்நூறு நாற்காலி. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பெரிய துணிப் பதாகை. வேறென்ன, அந்தப் படம்தான். 'புற்றை எதிர்க்கும் கரம்'. அறையில் முழ நீளம் இருந்த படம் இங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. மூலையில் இருந்த தேதிகூடக் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

வந்தவர்கள் ஒருவர் விடாமல் எண்ணைப் புகழ்ந்தார்கள். அறுபது என்பது சாதாரணமா, அறுபதைத் தொட எத்தனை தவம் வேண்டும் என்றார்கள். பித்தப்பை என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முன் வரிசையில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் குறிப்பாணை போன கதை லேப் பிள்ளைகள் மூலம் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"அடுத்து, ஊழியர்கள் சார்பா நம்ம மூத்த ஊழியர் பூங்கொத்து தருவாங்க" என்று அறிவிப்பாளர் சொன்னார். கல்ச்சர் அக்கா மேடை ஏறினார். பூங்கொத்தைக் கொடுத்தார். அதோடு ஒரு உறையையும் கொடுத்தார்.

"என்னம்மா இது?"

"ஏழு நாள்ல பதில் கேட்டிருந்தீங்க சார். இன்னைக்குத்தான் ஏழாம் நாள்."

"இப்பவா? ஆபீஸ்ல குடுக்கக் கூடாதா?"

"இங்க பார்த்தாத்தான் சார் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் மடியில் வைத்து உறையைப் பிரித்தார். மன்னிப்புக் கடிதமாக இருக்கும், விழா முடிந்ததும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு முழுத்தாளில் ஒரே ஒரு வரி இருந்தது.

'ஐயா, தயவுசெய்து தங்களுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவும்.'

பேராசிரியர் திரும்பினார். ஒன்பது வருடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த படத்தை முதல்முறையாக முழுதும் பார்த்தார். ரோஜா நிறத்தில் இரண்டு குடுவைகள். இரண்டின் மூடியும் திறந்து மேஜைமேல் கிடந்தன. ஒரு குடுவையில் 'பித்தப்பை' என்று அக்காவின் கையெழுத்து. மற்றதில் 'கருப்பைவாய்'. நடுவில் அவருடைய கை. கையில் ஒரே ஒரு பைப்பெட். பைப்பெட்டின் நுனி பித்தப்பைக் குடுவைக்கு நேர் மேலே நின்றது. நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் அந்தச் சொட்டு தேங்காய் அளவுக்கு இருந்தது. மூலையில் தேதி. வாயாடி சொன்ன அதே வாரம்.

உடம்பெல்லாம் கூசியது அவருக்கு. வெட்கம் என்றால் என்ன என்று அறுபத்தொரு வயதில் அப்போதுதான் தெரிந்தது. எழுந்து மைக்கைப் பிடித்து, 'அது நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. மூன்றாவது வரிசையில் அக்காவையும் பார்த்தார், முன் வரிசையில் மனைவியையும் பார்த்தார். அக்கா பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் இப்போது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதாகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற எல்லாருக்கும் தெரிந்தது, மனிதர் தன் படத்தைத் தானே பார்த்து உருகிப்போயிருக்கிறார் என்பதுதான். கண் கலங்கியிருப்பதும் தெரிந்தது. ஒருவர் கை தட்டினார். அவ்வளவுதான், அரங்கம் மொத்தமும் எழுந்து தட்ட ஆரம்பித்தது.

அறிவிப்பாளர் கைதட்டலுக்கு மேலே கத்தினார். "இன்னொரு நல்ல செய்தி! நம்ம இயக்குநரோட பித்தப்பைக் கட்டுரையை இந்த ஒரே மாசத்துல இன்னும் பதினோரு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க!"

பேராசிரியர் கையிலிருந்த தாளை நான்காக மடித்தார். கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

முன் வரிசையில் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. மூன்றாவது வரிசைக்குப் போய் அக்காவின் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.